ஏழாயிரம் அடியில் இட்லி மாவு

ஜனவரி 19, ஞாயிறு

மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று நான் பிடித்த பிடியில் மகள் ஒரு மாதம் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டாள். கொடைக்கானலில் வேலை கிடைத்து டிசம்பரிலேயே சேர்ந்துவிட்டாள். தை பிறந்ததும் நாயுடுபுரம் பக்கம் ஒரு மாடி வீட்டைப் பேசி முடித்துவிட்டு, "இனிமேயாச்சும் வாம்மா" என்றாள். இரண்டு வாரம் இருந்து அடுப்படியை ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு வருவோம் என்று விருதுநகரிலிருந்து கிளம்பினேன். சாமான்கள் நாளைக்குக் குட்டியானையில் வரும். வீட்டுக்காரருக்கு மண்டியில் லீவு இல்லை. அதனால் நான் மட்டும்தான்.

பொங்கல் லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை மலை ஏறக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வத்தலக்குண்டில் டீயும் உளுந்துவடையும் சாப்பிட்டபோது நல்ல வெயில். காட்ரோடு தாண்டி ஏற ஆரம்பித்ததும் எனக்கு முன்சீட்டுப் பையனுக்குக் குமட்டல் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர் மடியிலிருந்து ஆரஞ்சுத் தோலை எடுத்து, "இத மோந்துக்கிட்டே வா, எதுத்தாப்புல பாரு, கீழ பாக்காத" என்றார். பையன் மோந்தான். டம்டம் பாறை வரைக்கும் தாக்குப்பிடித்தான். அங்கே பஸ் நின்றபோது எல்லாரும் எலிவால் அருவியைப் பார்க்க, அவன் மட்டும் பஸ்ஸுக்குப் பின்பக்கம் போனான்.

பண்ணைக்காடு பிரிவு வந்ததும் பஸ்ஸில் ஒவ்வொரு ஷட்டராக இறங்கியது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் இறக்க, அடுத்தவர் இறக்க, கடைசியில் என்னுடையது மட்டும் திறந்திருந்தது. பின்னால் இருந்தவர், "அடைங்கக்கா, பச்சப்புள்ள இருக்கு" என்றார். பார்த்தால் பிள்ளை ஒன்றும் இல்லை. அவருக்குத்தான் குளிர்.

வெள்ளி அருவிப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றோம். இறங்குகிற கார்கள், ஏறுகிற வேன்கள், நடுவில் வறுத்த சோளம் வாங்க நிறுத்திய ஒரு கார். நாலைந்து மணி நேரப் பயணம் ஆறரை மணி நேரம் ஆனது. இறங்கும்போது இருட்டிவிட்டது. கை விரலை மடக்க முடியவில்லை. மகள் ஒரு சால்வையோடு நின்றாள். ராத்திரிக்குக் கடைப் பரோட்டா. விருதுநகர்க்காரி பரோட்டாவைப் பற்றி வெளியூரில் வாய் திறக்கக் கூடாது, வம்புதான் வரும். ஆனால் சால்னாவில் எண்ணெய் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏடு கட்டியது. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

பால் காய்ச்சினோம். கிழக்குப் பார்த்து அடுப்பை வைத்து, புதுப் பாத்திரத்தில் அரை லிட்டர். "பொங்கும் பொங்கும்" என்று நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த நேரத்துக்கு முன்னாடியே பொசுக்கென்று எழும்பிவிட்டது. ராசியான வீடு என்று சந்தோஷப்பட்டேன். மகள் வேதியியல் படித்தவள். "ராசி இல்லம்மா. ஏழாயிரம் அடி. தண்ணி இங்க நூறு டிகிரிக்குப் போகாது, தொண்ணூத்தி மூணுலயே கொதிச்சிரும். பாலும் அப்படித்தான்" என்றாள். நல்ல நாளும் அதுவுமாக இதைச் சொல்ல வேண்டுமா?

கீழ் வீட்டில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. பால் கொடுக்கப் போனேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சீனி தூக்கலா இருக்கு" என்றார். முதல் நாளே இப்படிச் சொல்கிறவரை எனக்குப் பிடிக்கும்.

குட்டியானை பத்து மணிக்கு வரவேண்டியது, மூன்று மணிக்கு வந்தது. வெளி வண்டிகள் மலை ஏற இ-பாஸ் வேண்டும் என்று 2024 மே மாதத்திலிருந்து நடைமுறை. டிரைவர் தம்பிக்கு அது தெரியவில்லை. அடிவாரத்தில் நிறுத்தி, போனில் சிக்னல் தேடித் தேடி எடுத்திருக்கிறார். "பாஸுக்குப் பணம் இல்லக்கா, ஆனா என் ஆயுசுல அஞ்சு மணி நேரம் போச்சு" என்றார். கிரைண்டர், மிக்ஸி, குக்கர், இட்லிக் கொப்பரை, அரிசி மூட்டை எல்லாம் சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்தன. கணக்குப் பார்த்து முடித்துத் தம்பியை அனுப்பின பிறகுதான் குக்கரைத் திறந்தேன். மூடியில் கேஸ்கட் இல்லை. கழுவி, விருதுநகர் அடுப்படி ஜன்னல் கம்பியில் காயப் போட்டது அப்படியே கண்ணுக்குள் வந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

கேஸ்கட் இல்லாவிட்டால் என்ன, எங்கள் அம்மா காலத்தில் குக்கரா இருந்தது? காலை ஏழரைக்குத் துவரம்பருப்பைச் சட்டியில் ஏற்றினேன். மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெய். எட்டரைக்குப் பார்த்தேன். பருப்பு தனித்தனியாக, உருண்டு திரண்டு, தண்ணீருக்குள் நடனம் ஆடிக்கொண்டிருந்தது. நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. ஒன்பதரைக்கும் அந்தப் பொட்டு இருந்தது. மகள் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். பத்தே காலுக்கு நான் அடுப்பை அணைத்தேன்.

இதை அவரிடம் போனில் சொன்னபோது சிரித்த சிரிப்பு இருக்கிறதே. முப்பது வருஷமாகப் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். "பழைய பருப்பா இருக்குமோ?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன். "நம்ம மண்டிப் பருப்பைப் பழசுங்கிறியா?" என்று கோபம் வேறு.

தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அந்தத் தொண்ணூற்று மூன்றைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் ஆவியாக வற்றுமே தவிரச் சூடு ஏறாது. ஏழு டிகிரி குறைந்ததற்கு இவ்வளவு பாடு. குக்கர் என்றால் ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தம் ஏற்றுவதால் தண்ணீரின் சூடு நூறையும் தாண்டிப் போகும். மலை மேல் குக்கர் என்பது வசதி இல்லை, அவசியம். கேஸ்கட்டை வாங்காமல் தீராது என்று கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாத்திரக் கடை. "அஞ்சு லிட்டர் குக்கருக்கு கேஸ்கட் குடுங்க தம்பி."

"உள்மூடியா, வெளிமூடியாக்கா?"

"வெளிமூடி."

"மூடி கொண்டாந்தீங்களா?"

கொண்டுபோகவில்லை. தம்பி கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். அரை விரல் அகலத்துக்குப் பெரிது. சுருட்டி வைத்தால் ஒரு பக்கம் துருத்துகிறது. மறுபடி மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். குக்கர் மூடியோடு ரோட்டில் நடக்கிற பெண்ணைக் கொடைக்கானலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் கரடிக் காது வைத்த தொப்பி போட்டுக்கொண்டு பெரிய மனுஷர்களே திரிகிற ஊர், என்னை யார் பார்க்கப்போகிறார்கள்? தம்பி மூடியை வாங்கிப் பொருத்திப் பார்த்தே கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததற்குப் பணம் எதுவும் வாங்கவில்லை. 95 ரூபாய்தான், முதலில் கொடுத்ததோடு சரி.

ராத்திரி சாம்பார். ஊரில் மூன்று விசில், இங்கே ஐந்து. காலையில் வேகாத அதே பருப்புதான், வெண்ணெயாக மசிந்துவிட்டது. சாப்பிட்ட கையோடு இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜனவரி 22, புதன்

மாவு அரைத்தபடியே கிடந்தது.

ஒரு சொட்டுக்கூட எழும்பவில்லை. பாத்திரத்தின் வெளியில் நேற்று நான் கையால் வழித்த தடம்கூட அப்படியே இருந்தது. விரலை விட்டால் ஐஸ். ராத்திரி எட்டு ஒன்பது டிகிரிக்கு இறங்கியிருக்கிறது, வீட்டுக்குள்ளும் அதேதான். ஆனாலும் பழக்கதோஷம் விடுகிறதா, ஒரு ஈடு ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் திறந்தால் உள்ளே பச்சை. மறுபடி மூடி, இன்னும் எட்டு நிமிஷம். எடுத்துத் தட்டில் போட்டபோது "டங்" என்றது. மகள் ஒன்றைக் கையில் எடுத்து, மேஜை ஓரத்தில் நிற்கவைத்து உருட்டிவிட்டாள். உருண்டது.

எனக்கு அழுகை வராத குறை. விருதுநகரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மாவு கரைக்க என்னைக் கூப்பிடுவார்கள். "உன் கை பட்டாப் பொங்கிரும்" என்பார்கள். சித்திரை மாதத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கரைத்து வைத்தால் பதினொரு மணிக்கு எழுந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேடையெல்லாம் மாவு. அதையெல்லாம் என் கைப்பக்குவம் என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். உளுந்தில் இருக்கிற கிருமிக்கு முப்பது டிகிரி வேண்டும். அது எங்கள் ஊரில் சும்மா கிடைக்கிறது. பாதி வேலையை வெயில் பார்த்திருக்கிறது, பேரை நான் வாங்கியிருக்கிறேன்.

உருண்ட இட்லி ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு கீழ் வீட்டம்மாவிடம் போனேன். எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"ராத்திரியா அரைச்ச?"

"ஆமாம்மா."

"ராத்திரி அரைச்சு காலைல சுடுறதெல்லாம் கீழ்நாட்டுப் பழக்கம் தாயி. இங்க நண்பகல்ல அரைக்கணும். அரிசி உளுந்தை வெதுவெதுன்னு தண்ணில ஊறப்போடு. பழைய மாவு ஒரு கரண்டி சேரு. அண்டாவுல சுடுதண்ணி ஊத்தி அதுக்குள்ள மாவுச் சட்டிய எறக்கி, மேல கம்பளியப் போத்தி விடு. படுக்கப் போறப்ப ஒருக்கா தண்ணிய மாத்து. மறுநா காலைல பாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்க மாமியா மாவுக்குன்னே தனியா ஒரு கம்பளி வச்சிருந்துச்சு. நாங்க குளிருதுன்னு கேட்டாக்கூடத் தராது."

"பழைய மாவுக்கு எங்கம்மா போவேன்?"

"எங்கிட்ட வாங்கிக்க."

மீந்த மாவில் வெங்காயம், பச்சைமிளகாய், கேரட் துருவிப் போட்டு ஊத்தப்பம் மாதிரி ஒன்று சுட்டேன். அடை என்று நினைத்துச் சாப்பிட்டால் சாப்பிடலாம். மகள் அப்படித்தான் நினைத்தாள், நல்ல பிள்ளை.

ஜனவரி 23, வியாழன்

வெயில் பன்னிரண்டு மணிக்கு வந்து ஒன்றரைக்குப் போய்விட்டது. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் இருக்கிறது. காயவும் இல்லை, நனைந்தும் இல்லை, ஈரமா குளிரா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியவில்லை.

தேங்காய் எண்ணெய் பாட்டில் முழுக்க உறைந்து மெழுகுவத்தி மாதிரி இருக்கிறது. தலைக்குத் தேய்க்கக் கவிழ்த்துத் தட்டினேன், சுடுதண்ணீரில் வைத்தேன், வைத்த நேரத்துக்கு இளகி, தலைக்குப் போகுமுன் உறைகிறது. கடைசியில் மூடியை நெம்பித் திறந்து ஸ்பூன் காம்பால் தோண்டினேன். நெம்பியதில் மூடி கீறிவிட்டது. சமையலுக்கு நல்லெண்ணெய் கொண்டுவந்தேனோ பிழைத்தேன்.

தயிரும் உறையவில்லை. பாலில் உறை ஊற்றி ஹாட்பேக்கில் வைத்து, இரண்டு மிளகாய் வற்றலைக் காம்போடு போட்டு வைத்திருக்கிறேன். விடிந்தால் தெரியும்.

ஜனவரி 24, வெள்ளி

தயிர் உறைந்தது. அது நல்ல செய்தி. மற்றது கெட்ட செய்தி, என் முட்டாள்தனம்.

எங்கள் ஊரில் அரிசி கழுவின தண்ணீர், காய்த்தோல், மீந்த சோறு எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு வாசலில் வைத்தால் மாட்டுக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். கை அந்தப் பழக்கத்திலேயே நேற்று ராத்திரி வாளியைப் படிக்குக் கீழே வைத்துவிட்டது. முட்டைக்கோஸ் இலை, கேரட் தோல், மேலே கழனித்தண்ணீர்.

காலை ஐந்தரைக்குப் பால் வாங்கக் கதவைத் திறந்தேன். படிக்குக் கீழே சுவர் மாதிரி ஏதோ கறுப்பாக. இங்கே சுவர் இல்லையே என்று நினைத்த நேரத்தில் அது மூச்சு விட்டது. காட்டுமாடு. என் உயரத்துக்கு அதன் தோள்பட்டை. கால் நாலும் முழங்கால் வரைக்கும் வெள்ளையாக, காலுறை போட்ட மாதிரி. வாளிக்குள் மூஞ்சியை விட்டு முட்டைக்கோஸைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. மூக்கிலிருந்து வந்த புகை வாளியைச் சுற்றி நின்றது. நான் கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கீழ் வீட்டு ஜன்னல் சின்னதாகத் திறந்தது. "கத்தாத. டார்ச் அடிக்காத. உள்ள போயிரு" என்று குரல் மட்டும் வந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அது அரை மணி நேரம் இருந்து, வாளியைக் கவிழ்த்து, பக்கத்து வீட்டு ரோஜாச் செடி ஒன்றையும் முடித்துவிட்டுத் தார்ரோட்டில் இறங்கி நடந்தது. ஏழு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதே ரோட்டில், அதைத் தாண்டி, பேசிக்கொண்டே போனார்கள்.

அப்புறம் கீழ் வீட்டம்மாவிடம் எனக்குக் கிடைத்த திட்டு இருக்கிறதே! "ஒரு நா ருசி கண்டுச்சுன்னா நாளைக்கும் வரும், நாளான்னைக்குக் குட்டியோட வரும். நீ ஊருக்குப் போயிருவ, நாங்கள்ல இங்க இருக்கணும்" என்றார். ஒவ்வொரு சொல்லும் நியாயம். ரோஜாச் செடி வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர், "எதுத் தோட்டத்துல மேயாத மாடு இருக்கு, விடுங்கக்கா" என்று காபி கொடுத்தார். தாண்டிக்குடிப் பக்கம் அவர்கள் சொந்தத் தோட்டத்துக் கொட்டையாம். சிக்கரி இல்லாமல் இவ்வளவு கறுப்பாக நான் குடித்ததில்லை. முதல் மடக்குக் கசப்பு, மூன்றாவது மடக்கில் இன்னொரு தம்ளர் கேட்கலாமா என்று ஆகிவிட்டது. செடியையும் தின்னவிட்டுக் காபியும் கேட்பதா என்று கேட்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

சந்தை. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டியிலிருந்தெல்லாம் சரக்கு வருகிறது. விருதுநகரில் கேரட்டைக் கழுவிப் பளபளவென்று பார்த்த கண்ணுக்கு இங்கே எல்லாமே மண்ணோடு இருந்தது. கழுவினது இல்லையா என்று கேட்டதற்கு, விற்கிற அக்கா, "கழுவுனது கீழ போறதுக்கு. வீட்டுக்குன்னா மண்ணோட வாங்குக்கா, வாரம் பூரா வாடாது" என்றார். கேரட் கிலோ 50, உருளை 40, பச்சைப்பட்டாணி 80, சௌசௌ மூன்று காய் 20 ரூபாய். பேரம் பேசினால் முகம் சுளிக்கவில்லை, ஆனால் விலையையும் குறைக்கவில்லை. பதிலுக்குக் கொத்தமல்லியை அள்ளிப் போட்டார்கள். கட்டுக்கட்டாக, கேட்காமல். விருதுநகரில் அந்தக் கட்டுக்கு இருபது ரூபாய் கேட்பார்கள்.

மலைப்பூண்டு கிலோ 400. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பூண்டு. விலையைக் கேட்டுவிட்டு நகரப் பார்த்தேன். விற்கிற பெரியவர் ஒரு பல்லை நகத்தால் கீறி என் மூக்குப் பக்கம் நீட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொகையில கட்டித் தொங்கவிட்டது. ஒரு வருசம் வச்சாலும் சொத்தை விழாது" என்றார். அரைக் கிலோ.

மலைவாழையில்தான் ஏமாந்தேன், தலைகீழாக. தோல் கறுத்துச் சுருங்கி, பழம் அழுகிவிட்டதோ என்றிருந்ததை ஒதுக்கிவிட்டு, பளிச்சென்று இருந்த சீப்பை எடுத்தேன். பழக்காரம்மா என் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு, சுருங்கினதில் ஒன்றை உரித்துக் கொடுத்தார். காசு வேண்டாம், தின்னுங்க என்றார். உள்ளே துளி கறுப்பில்லை. கெட்டியாக, கல்கண்டு மாதிரி. விருப்பாச்சி, சிறுமலை என்று பேர் மட்டும் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊருக்கு வரும்போது இந்தச் சுருக்கத்தைப் பார்த்தே நான் எத்தனை தடவை வாங்காமல் வந்திருப்பேனோ.

மத்தியானம் திபெத்தியர் கடையில் மோமோ. 80 ரூபாய்க்கு எட்டு. கடைக்காரப் பெண் என் மகளைவிட நல்ல தமிழ் பேசுகிறார். "காரச் சட்னி வேணுமா, குறைச்சலா வேணுமா?" என்று கேட்டார். கொழுக்கட்டைக்கு மைதா சட்டை போட்டுவிட்ட மாதிரிதான், ஆனால் ஆவி பறக்க வாயில் போட்டுக்கொண்டு வெளியே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது குறை சொல்லத் தோன்றவில்லை. மிச்சம் வைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். மிச்சம் வரவில்லை.

திரும்பும்போது ஏரியைச் சுற்றி வந்தோம். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டித் தேக்கினது. நான் இயற்கை ஏரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தலைதெறிக்க ஓட்டுகிற பிள்ளைகளிடமிருந்து என் கொத்தமல்லியைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகப் போனது.

ஜனவரி 27, திங்கள்

சந்தையில் மரத்தக்காளி என்று ஒன்று வாங்கியிருந்தேன். முட்டை வடிவம், கருஞ்சிவப்பு. தக்காளிதானே என்று நறுக்கி ரசத்தில் போட்டேன். ரசம் கசந்தது. தோலில் இருக்கிறது அந்தக் கசப்பு. இரண்டாம் தடவை, தணலில் கத்தரிக்காயைச் சுடுகிற மாதிரி அடுப்பில் காட்டித் தோலை உரித்தேன். உள்ளே விதையெல்லாம் கறுப்பாக, சாறு ரத்தமாக, புளிப்பு நாக்கை இழுத்தது. வறுத்த உளுந்து, நாலு மிளகாய் வற்றல், ஒரு பல் மலைப்பூண்டு, உப்பு சேர்த்து அம்மியில் இல்லை, மிக்ஸியில்தான், இரண்டே சுற்று. புளி வேண்டாம். சுடுசோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்து கொடுத்தேன். மகள் நிமிராமல் சாப்பிட்டாள். சமையலில் எனக்கு இந்த ஊர் கொடுத்த முதல் வெற்றி.

அந்தத் தெம்பில் ராத்திரிக்குப் பூண்டுக் குழம்பு. ஊர்க் கணக்குக்கு நாற்பது பல். வீடெல்லாம் பூண்டு, மாடியெல்லாம் பூண்டு. கீழ் வீட்டம்மா வாசலுக்கு வந்து, "எத்தன போட்ட?" என்றார். சொன்னேன். "பதினஞ்சு போதும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் மாவும் அரைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், பழைய மாவு, அண்டா, கம்பளி, எல்லாம் சொன்னபடி. கம்பளிக்குப் பதில் நான் கொண்டுவந்த சிவப்பு ஸ்வெட்டர். கழுத்துப் பக்கத்தைச் சட்டி வாய்க்கு மாட்டிக் கைகளை முடிச்சுப் போட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

விடிகாலை ஸ்வெட்டரை அவிழ்த்தேன். மூடி ஒரு விரற்கடை தூக்கி நின்றது. கரண்டியை விட்டால் பொசபொசவென்று ஓட்டை ஓட்டையாக இறங்கியது. புளித்த வாசனை லேசாகத்தான். பதினேழு நிமிஷம் வேகவைத்தேன். மல்லிகைப்பூ என்று பொய் சொல்லமாட்டேன், விருதுநகர் இட்லியில் முக்கால்வாசி. ஆனால் இட்லிதான். மகள் ஒன்றை எடுத்து மேஜை ஓரத்தில் நிற்கவைத்தாள். அது சாய்ந்து படுத்துக்கொண்டது. "பாஸ்" என்றாள்.

ஸ்வெட்டரில் மாவு வாடை போகவில்லை. இனி அது அந்தச் சட்டிக்கே.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. ஊரில் நாத்தனார் வந்து படையல் போட்டுவிடுவாள். ஆனாலும் சும்மா இருக்க மனம் வரவில்லை. வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, பருப்பு, வடை, பாசிப்பருப்புப் பாயசம். பூண்டு வெங்காயம் கிடையாது, மூன்று நாளைக்கு வாடை மட்டும் உண்டு. பாயசத்துக்குப் பாசிப்பருப்பையும் குக்கரிலேயே விட்டேன். இனி யாரும் என்னை ஏமாற்ற முடியாது.

மொட்டை மாடிச் சுவரில் வாழை இலைத் துண்டில் சோறு, பருப்பு, ஒரு வடை வைத்துவிட்டு, "கா கா" என்று கூப்பிட்டேன். இரண்டு காக்கை எதிர் மரத்தில் உட்கார்ந்து பார்த்தன. வரவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து குரங்கு வந்தது. வடையை எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்து, ஒரு கடி கடித்து, மென்றது. பிறகு இலையோடு சோற்றை இழுத்துக் கீழே தள்ளிவிட்டுப் போனது. கீழே விழுந்த பருக்கைகளைக் காக்கைகள் இறங்கிச் சாப்பிட்டன.

அவரிடம் போனில் சொன்னேன். "எங்க அப்பாவுக்கு உன் வடை எப்பவுமே பிடிக்கும்" என்றார். இதில் எனக்கு என்ன புரிய வேண்டும் என்று நினைத்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினேன். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அந்த மலைப்பாதையில் நிற்க என் முழங்கால் சம்மதிக்காது. அடுப்படிச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: துவரை 5 விசில், அரிசி அரை மணி ஊறவேண்டும், இட்லி 17 நிமிஷம், மாவு அரைப்பது சனிக்கிழமை நண்பகல், பூண்டு 15, வாளி வெளியே வைக்காதே. மகள் அதன் கீழே, "கேஸ்கட்டை ஜன்னலில் காயப் போடாதே" என்று எழுதியிருந்தாள்.

கீழ் வீட்டம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பூண்டு ஒரு கொத்து, தண்டோடு பின்னிக் கட்டியது, கொடுத்தார். "சமையக்கட்டுல ஆணி அடிச்சுத் தொங்கவிடு. பிளாஸ்டிக் கவர்ல போட்டேன்னு வச்சுக்க, நான் பேசமாட்டேன்." மகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "அது என்னயப் பாத்துக்கிடும்" என்றார்.

இறங்குகிற பஸ் காலியாக இருந்தது. பெருமாள்மலையில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது, இல்லை, அது சட்டிக்குப் போய்விட்டதே. சால்வையைப் போர்த்திக்கொண்டேன். பண்ணைக்காடு பிரிவில் சால்வையை எடுத்தேன். டம்டம் பாறையில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. காட்ரோட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வெயில் பளீரென்று முகத்தில் அடித்தபோது இத்தனை நாள் தேடினது இதைத்தானே என்று இருந்தது.

டீ குடிக்க இறங்குவோம் என்று மடியிலிருந்த பையைத் தூக்கினேன். சேலையில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஈரம். பக்கத்துச் சீட்டு அம்மா மோந்து பார்த்துவிட்டு, "தேங்காண்ண" என்றார். மூடி கீறின பாட்டில். மலையில் பதின்மூன்று நாள் கல்லாக இருந்தது, வத்தலக்குண்டுச் சூட்டுக்கு மொத்தமும் இளகிப் பையெல்லாம் ஓடியிருந்தது. மகள் வாங்கிக் கொடுத்த சாக்லேட் பெட்டி, என் கண்ணாடிக் கூடு, மருந்துச் சீட்டு, எல்லாம் எண்ணெய். பூண்டுக் கொத்து மட்டும் மேலாக இருந்ததால் தப்பித்தது.

"துடைக்காதீங்க, பரவும். சீயக்காய்த்தூள் போட்டாத்தான் போகும்" என்றார் அந்த அம்மா. பிறகு பையைப் பார்த்து, "பூண்டு கிலோ என்ன விலை?" என்று கேட்டார்.